சோற்றை நிறுத்தினேன், படி ஏற முடியவில்லை

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 47 வயது. கோயம்புத்தூரில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பங்குதாரராக இருக்கிறேன். போன வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.2 என்று வந்தது. பயந்துபோய் சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். காலையில் நாலு பாதாம், ஒரு கிரீன் டீ. மதியம் பொரியலும் மோரும். ராத்திரி சூப், சாலட். ஐந்து மாதத்தில் 63 கிலோவிலிருந்து 56 கிலோவுக்கு வந்துவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். ஆனால் மூன்றாவது மாடியில் இருக்கும் கிளையன்ட் ஆபீசுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தொடை நடுங்குகிறது. பூஜை அறையில் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிவதில்லை. சாயந்திரம் நாலு மணிக்கு மேல் யாரைப் பார்த்தாலும் எரிச்சல்.

தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறேன். ஜிம்மில் விசாரித்தேன். எடை தூக்கியே ஆக வேண்டும், கார்ப் பக்கமே போகக் கூடாது என்கிறார் பயிற்சியாளர். எடை தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், முட்டி தேய்ந்துவிடும் என்கிறார் மாமியார். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் கெடு வந்தால் ராத்திரி பத்து மணி வரை ஆபீஸ்தான். நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். என் கணவருக்கு 52 வயது, ஆறு வருடமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, அதோடு டாபாகிளிஃப்ளோசின் எடுக்கிறார். எனக்குத் துணையாக அவரும் போன வாரத்திலிருந்து சோற்றை விட்டுவிட்டார். அம்மாவுக்கு 72. போன வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சோறு சாப்பிடலாமா, கூடாதா? எடை தூக்கலாமா, கூடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவசரம் அங்கேதான் இருக்கிறது. மற்றதைப் படிப்பதற்கு முன் உங்கள் கணவருடைய டாக்டருக்கு ஒரு போன் போட்டு, அவர் சோற்றை நிறுத்தியிருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று அது பார்க்காது. தட்டில் மாவுச்சத்தே இல்லாத நாளில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது இப்படி ஆனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டாபாகிளிஃப்ளோசின் வேறு வகை. அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அதை எடுக்கிறவர் மாவுச்சத்தை அடியோடு விட்டால் உடம்பு கொழுப்பை அளவுக்கு மீறி எரிக்க ஆரம்பித்து, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வரும். ஆனால் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. அதனாலேயே இது வேறு எதுவோ என்று நினைத்து நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். அரிதாக வருவதுதான், வந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை அவராக நிறுத்தவும் வேண்டாம். அளவை மாற்றுவது அவருடைய டாக்டரின் வேலை. அதுவரைக்கும் வேளைக்கு ஒரு கப் சோறோ இரண்டு இட்லியோ அவர் சாப்பிட்டே ஆக வேண்டும்.

சரி, இனி உங்கள் விஷயம்.

படி ஏறும்போது மூச்சு வாங்குவதை உடனே தசை பலவீனம் என்று முடிவுகட்ட எனக்கு மனமில்லை. 47 வயதில், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய இந்த வருடங்களில், பல பெண்களுக்கு உதிரப்போக்கு அதிகமாக இருக்கும். அதைச் சகித்துக்கொண்டே வேலைக்குப் போவார்கள். ஹீமோகுளோபின் 9க்கு இறங்கியிருப்பது ரத்தம் எடுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். ஆகவே ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., பி12, வைட்டமின் டி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஒரு இ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ இருந்தால் இந்தப் பட்டியலுக்கெல்லாம் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருப்பவர்களுக்கு ஹெச்பிஏ1சி உண்மையில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். உங்களைப் பயமுறுத்திய அந்த 6.2இல் ஒரு பகுதி அப்படி வந்ததாக இருக்கக்கூடும். வெறும் வயிற்றில் ஒரு தடவையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவையும் சர்க்கரை பாருங்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம் என்போம். இந்தியாவில் 13.6 கோடிப் பேர் அந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு மதிப்பிட்டது. அவர்கள் எல்லோரும் சர்க்கரை நோயாளிகள் ஆகிவிடப் போவதில்லை. திரும்பி வரக்கூடிய இடம்தான் அது.

அடுத்து, அந்த 7 கிலோ. முதலில் குறைந்த ஒன்றிரண்டு கிலோ பெரும்பாலும் தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு காலியானதும் அந்தத் தண்ணீரும் போய்விடும், தராசு சந்தோஷப்படுத்தும். மீதியில் கொழுப்பும் போயிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உடற்பயிற்சியில் தசைக்கு வேலை கொடுக்காமல், புரதமும் போதாமல் எடை குறைப்பவர்கள் இழக்கும் எடையில் கால்வாசி வரை தசையாக இருக்கலாம். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு பாதாம், பொரியல், மோர், சூப், சாலட் என்றால் ஒரு நாளைக்கு இருபது கிராம் புரதம் தேறினாலே பெரிது. ஐ.சி.எம்.ஆர். சொல்லும் குறைந்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். உங்களுக்கு அது 46 கிராம் வருகிறது. பாதிகூட உள்ளே போகவில்லை. நீங்கள் நிறுத்தியது சோற்றை மட்டும் என்று நினைக்கிறீர்கள். சோற்றோடு பருப்பும் சாம்பாரும் தயிரும் தட்டைவிட்டுப் போய்விட்டன.

பூஜை அறையில் கை ஊன்றி எழுவதாக எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணை உறுத்தியது அந்த வரிதான்.

நம் மக்களுக்கு உடம்பின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கான எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. ஆனால் கொழுப்பு, லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம் புனேக்காரருக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு. தராசை மட்டும் நம்பி நம் ஊரில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது என்பதால்தான் இடுப்புச் சுற்றளவைப் பார்க்கச் சொல்கிறோம். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

தசை குறைந்தால் சர்க்கரைக்கு என்ன? சாப்பிட்ட மாவுச்சத்து குளுக்கோஸாக ரத்தத்தில் கலந்ததும் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது ஈரலும் தசையும்தான். ஒரு சராசரி உடம்பின் தசைகள் 300 முதல் 400 கிராம் வரை சேமித்து வைக்கும். ஈரலால் நூறு கிராம் அளவுதான் முடியும். அறுவடை நெல்லைக் கொட்டிவைக்கும் குதிர் மாதிரிதான் தசை. குதிர் சிறியதாகவும் எப்போதும் நிரம்பியும் இருந்தால் வருகிற நெல் முற்றத்தில்தான் குவியும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தசை அப்படித்தான் இருக்கிறது. சேமித்தது செலவாகவில்லை, புதிதாக வருவதற்கு இடமில்லை. நீங்கள் நெல் வரத்தையே நிறுத்திப் பார்த்தீர்கள், குதிரும் சேர்ந்து சுருங்கிவிட்டது. இப்போது நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சோதித்தால் சர்க்கரை முன்பைவிட அதிகமாக ஏறினாலும் ஏறலாம். அதைப் பார்த்துவிட்டு, எனக்கு அரிசியே ஆகாது என்ற முடிவுக்குத் தயவுசெய்து வந்துவிடாதீர்கள்.

எடைப் பயிற்சியால் இங்கே இரண்டு நன்மை. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரைக்கும் தசையில் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் தசையின் அளவே கூடும்.

அப்படியானால் தினமும் நடக்கிறேனே என்பீர்கள். நடங்கள், விடவே விடாதீர்கள், இதயத்துக்கு நல்லது. ஆனால் நம் தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்பவை ஒன்று. சட்டென்று பலத்தைக் காட்டுபவை இன்னொன்று. கால் தடுக்கும்போது விழாமல் சமாளிப்பதும், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பதும் இரண்டாவது வகையின் வேலை. வயதாகும்போது முதலில் மெலிவது அதுதான். சாதாரண நடையில் அதற்கு வேலையே வராது. கனமாக எதையாவது தூக்கினால், தள்ளினால், இழுத்தால்தான் அது விழிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மாமியாரின் பயத்தைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். கர்ப்பப்பை இறக்கம் உண்மையான தொந்தரவு, அவர் காலத்தில் அவர் பார்த்திருப்பார். அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை பிரசவம், பல வருட மலச்சிக்கல், விடாத இருமல், உடல் பருமன், வயது. சிறிய எடையில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியால் ஆரோக்கியமான பெண்ணுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. தண்ணீர்க் குடம் நிரம்பினால் 15 கிலோ. நம் பாட்டிமார் அதை இடுப்பில் வைத்துத் தெருக்கோடியிலிருந்து வந்தவர்கள். நீங்கள் தொடங்கப் போவது அதில் பாதிக்கும் குறைவான எடையில். ஆனால் இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிகிறது, அடிவயிற்றில் ஏதோ இறங்குவதுபோல் கனக்கிறது என்றால் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். முட்டி விஷயத்தில் மாமியாருக்கு நேர்மாறாகச் சொல்கிறேன்: மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கே நாங்கள் எழுதித்தரும் சிகிச்சையில் தொடைத் தசையைப் பலப்படுத்துவது முக்கியமானது.

இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பின்னால் நகராது. முன்பாதியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, கைகளை மார்புக்குக் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். மகளையோ மகனையோ செல்போனில் நேரம் பார்க்கச் சொல்லிவிட்டு, முழுதாக எழுந்து நின்று உட்காருவதை ஐந்து தடவை, உங்களால் முடிந்த வேகத்தில் செய்யுங்கள். ஆசிய மருத்துவர் குழு 2019இல் வகுத்த அளவுகோலின்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். பிசியோதெரபி மையங்களில் கைப்பிடி பலம் பார்க்கும் கருவியும் இருக்கும். பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே, ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே இருந்தால் பலம் குறைவு என்று கணக்கு. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வந்தது. பிடிபலம் ஐந்து கிலோ குறையக் குறைய இறப்பு 16 சதவீதம் கூடுதலாக இருந்ததை அதில் பார்த்தார்கள். கையை மட்டும் பலப்படுத்தினால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பு முழுவதும் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பிடி காட்டிக்கொடுக்கிறது.

பயிற்சியை வாரம் இரண்டு நாள், தலா 35 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்தால் நடுவில் தசை ஓய்வெடுக்க நாள் கிடைக்கும். அந்த இரண்டு நாள் நடையை விட்டுவிடலாம். உங்களிடம் இருப்பது காலை நாற்பது நிமிடம்தான், அதற்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம்.

முதலில் பஸ்கி. நாற்காலியை வைத்தே செய்யுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, இடுப்பைப் பின்னால் கொண்டுபோய், மூன்று எண்ணிக்கையில் மெதுவாக இறங்கி, நாற்காலியைத் தொட்டதும் தொடாததுமாக எழ வேண்டும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்குகிறதா என்று எதிரே ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள். முதல் மாதம் பெரும்பாலோர் செய்யும் தவறு அதுதான். பத்துத் தடவை சுலபமாக வந்துவிட்டால், ஐந்து கிலோ டம்பெல் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். டம்பெல் வாங்கும்வரை ஐந்து கிலோ அரிசிப் பை போதும்.

அப்புறம் தண்டால். தரையில் இப்போது முடியாது, முயற்சியும் வேண்டாம். சமையல் மேடையில் கை ஊன்றிச் செய்யுங்கள். மூன்றாவது, எடையைத் தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட். இதை மட்டும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடமோ நல்ல பயிற்சியாளரிடமோ நேரில் கற்றுக்கொள்ளுங்கள். முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிவது எழுத்தில் படித்து வராது. நான்காவது, எலாஸ்டிக் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் இழுப்பது. நாள் முழுக்க லேப்டாப் முன் கூனி உட்காருகிற உங்களுக்கு இது ரொம்பவும் தேவை. கடைசியாக, இரண்டு கையிலும் கனமான பையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் நிமிர்ந்து நடப்பது.

ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று. சுற்றுக்கு நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். இன்னும் இருபது செய்யலாம் என்று தோன்றினால் அந்த எடை உங்களுக்குப் போதவில்லை. பன்னிரண்டு எளிதாகிவிட்ட வாரம் ஒன்றிரண்டு கிலோ கூட்டுங்கள். இந்தக் கூட்டுவதுதான் பயிற்சியின் உயிர். இரண்டு கிலோ பிங்க் நிற டம்பெல்லை வருடக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டப்படுகிறது. நேரமும் உழைப்பும் கொடுக்கிறார்கள், பலன் மட்டும் வருவதில்லை. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை பிடித்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், அது தசையின் வலி. மூட்டுக்குள் குத்துவது, வீங்குவது, மரத்துப்போவது வேறு. அப்போது நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

செப்டம்பரில் என்ன செய்வது? வாரம் ஒரு நாள், இருபது நிமிடம், பஸ்கியும் தண்டாலும் பேண்ட் இழுப்பதும் மட்டும். எடையைக் குறைக்காமல் சுற்றைக் குறையுங்கள். சேர்த்த பலத்தைச் சில வாரங்களுக்குக் காப்பாற்ற அது போதும். அந்த மாதம் புதிதாக எதையும் கூட்ட ஆசைப்படாதீர்கள்.

சோற்றுக்கு வருகிறேன். நம் நாட்டில் சராசரியாக ஒருவர் சாப்பிடும் கலோரியில் 60 சதவீதத்துக்கும் மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அது அதிகம்தான், பயிற்சியாளர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் (பெயர் இண்டியாப்) கலந்துகொண்ட 18,000க்கும் மேற்பட்டவர்களின் உணவை வைத்து 2022இல் கணக்கிட்டபோது, சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்திலிருந்து திரும்பி வர அவர்கள் கண்ட மாவுச்சத்து அளவு கிட்டத்தட்ட 50 சதவீதம், புரதம் 20 சதவீதத்தை ஒட்டி. பூஜ்யம் என்று யாரும் சொல்லவில்லை. எடை தூக்கும் நாளில் தசை செலவழிப்பது தான் சேமித்த மாவுச்சத்தைத்தான். அது காலியாக இருந்தால் மூன்றாவது பயிற்சியிலேயே கை கால் ஓய்ந்துவிடும், எடையைக் கூட்டவும் முடியாது. நாலு மணி எரிச்சலுக்கும் பசிதான் முதல் சந்தேகம்.

உங்களுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். பயிற்சி நாளில் எழுந்ததும் ஒரு சின்ன வாழைப்பழம். காலையில் இரண்டு இட்லி, பருப்பு தூக்கலாகப் போட்ட சாம்பார், இரண்டு முட்டை. முட்டை வேண்டாத நாளில் அடை, அல்லது பச்சைப்பயறு தோசை. மதியம் முதலில் பொரியல், கூட்டு இரண்டையும் சாப்பிட்டுவிட்டு அதன்பின் ஒரு கப் சோறு, பருப்பு, ஒரு கப் தயிர். காய்கறியும் புரதமும் முன்னால் போய் மாவுச்சத்து கடைசியில் போனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். செலவில்லாத வழி. நம் இலையில் சோறு நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவதால் பழக்கமாகக் கொஞ்ச நாள் ஆகும். நாலு மணிக்கு ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், டப்பாவில் ஆபீசுக்கே எடுத்துப் போய்விடுங்கள். இரவு இரண்டு சப்பாத்தி, 75 கிராம் பன்னீர் போட்ட குருமா. செப்டம்பரில் இரவுச் சாப்பாடும் டப்பாவில் போகட்டும், எட்டு மணிக்குள் ஆபீசிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பத்து மணிக்குப் பசியோடு வீட்டுக்கு வந்தால் கைக்குக் கிடைப்பது பிஸ்கட்தான்.

இதையெல்லாம் கூட்டினால் புரதம் 60 கிராமைத் தாண்டும், மாவுச்சத்து 180 கிராமை ஒட்டி நிற்கும். நாற்பதுக்கு மேல் எடைப் பயிற்சியும் செய்பவருக்கு கிலோவுக்கு ஒன்று முதல் 1.2 கிராம் வரை புரதம் என்பது என் பரிந்துரை, கிரியேட்டினின் சரியாக இருந்தால். அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் வேளைக்கு இருபது கிராம் அளவில் பிரித்துப் போடுங்கள், தசை அப்போதுதான் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஒரு கப் என்று நான் சொல்வது வெந்த சோறு 150 கிராம். முதல் வாரம் மட்டும் சமையலறைத் தராசில் அளந்து பாருங்கள், கண் பழகிவிடும். மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடக்க முடிந்தால் இன்னும் நல்லது. போன் பேச வேண்டியதை அப்போது நடந்தபடியே பேசிவிடலாம்.

சிறுதானியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது சொல்லத்தான் போகிறார்கள். ராகியிலும் நூறு கிராமுக்கு 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியைவிடச் சற்றுத்தான் குறைவு. சர்க்கரைக்கு மருந்து என்று நினைத்து ஒரு சொம்பு கூழ் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கால்சியத்துக்காக ராகி சாப்பிடுங்கள், நூறு கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சோற்றுக்குப் பதிலாக, அதே அளவில். புரதப் பவுடர் இப்போதைக்குத் தேவையில்லை. பால், முட்டை, பருப்பு சாப்பிடுகிற உங்களுக்குத் தட்டிலேயே கிடைத்துவிடும்.

எடை ஒன்றிரண்டு கிலோ திரும்பி ஏறும். தண்ணீரும் தசையும் திரும்பி வருகின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு கூடாமல் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை டேப் வைத்துப் பாருங்கள். ஹெச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும், அதற்கு முன்பு பார்த்தால் முழு மாற்றமும் தெரியாது. நாற்காலிச் சோதனையை ஆறு வாரத்துக்கு ஒரு முறை செய்து தேதியோடு எழுதி வையுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் எடையைக் கூட்டுவதை நிறுத்திவைத்து, முதலில் அதற்கு மருந்து எடுங்கள்.

எலும்பைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் எடைப் பயிற்சியே வழி. ஆஸ்திரேலியாவில், மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைந்திருந்த பெண்களை, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் கனமான எடை தூக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் அவர்கள் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. 2018இல் வெளியான முடிவு. உங்கள் குடும்பத்தில் இடுப்பு எலும்பு முறிவு இருப்பதால், மாதவிடாய் நின்றதும் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள்.

அம்மாவை அப்படியே விட்டுவிட வேண்டாம். 1990இல் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் சராசரி வயது 90 இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதில் இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். 72 அதற்கு எவ்வளவோ முந்தைய வயது. ஆபரேஷன் செய்த எலும்பு மருத்துவரிடம் அனுமதி கேட்டு, வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில் ஆரம்பிக்கட்டும். முதலில் இரண்டு கையும் ஊன்றி, பிறகு ஒரு கை ஊன்றி. பாத்ரூமில் கைப்பிடிக் கம்பியும், காலுக்குப் பிடிமானம் தரும் விரிப்பும் இந்த வாரமே போட்டுவிடுங்கள். ராத்திரி எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எலும்புக்கான மருந்து யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று அம்மாவின் பழைய சீட்டுகளைப் பாருங்கள். முறிவுக்கு ஆபரேஷன் நடந்து, அதற்குக் காரணமான எலும்புத் தேய்வுக்கு மருந்தே ஆரம்பிக்காமல் விடுபடுவது நிறைய நடக்கிறது. இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள்.